கொழுந்துக் கூடையை நிறுக்கிறோம். பிள்ளையின் பையை யார் நிறுப்பது?



அண்மையில் திரிங்காப் பக்கம் போயிருந்தோம். பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகும் பாதையில் இருக்கும் ஊர். சாலை ஓரத்தில் காய்கறிக் கடைகள், மலைச் சரிவெல்லாம் கோசும் தக்காளியும். சுற்றியுள்ள மலைகளில் தேயிலை. பச்சைப் பாய் விரித்தது போல் இருக்கும் அந்த மலையைப் பார்த்துச் சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பச்சைக்குள்ளே குனிந்து நிற்கும் முதுகுகள் படத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

பிற்பகல் நேரம். மழை தூறி ஓய்ந்திருந்தது. ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்று பேசிக் கொண்டிருந்தோம். கிராணி ஒவ்வொரு மூட்டையாக நிறுவையில் வைத்து எழுதிக் கொண்டிருந்தார். அரைக் கிலோ குறைந்தாலும் விடுவார்களா நம் ஆட்கள்? "ஐயா, நல்லாப் பாருங்க, முள்ளு ஆடிக்கிட்டே இருக்கு" என்று ஒரு தாய் சண்டைக்கு நின்றார். நியாயமான சண்டைதான். உழைத்த எடைக்குத்தானே கூலி?

அந்த நேரம் பள்ளி வேன் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்களில் ஒரு சிறுமி, மூன்றாம் ஆண்டு படிப்பவள், அந்தத் தாயிடம் ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்று எழுதிவிட்டோம். உண்மையில் ஓட முயன்றாள். முதுகில் தொங்கிய பை அவளைப் பின்னால் இழுத்தது. அதைச் சமாளிக்க அவள் இடுப்பை வளைத்து, கழுத்தை முன்னே நீட்டி, இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கிராணி ஐயா, எங்க கூடையத்தான் நிறுக்கிறீங்க. இவ கூடையையும் கொஞ்சம் நிறுத்துப் பாருங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்துக்கொண்டே பையை வாங்கி நிறுவையில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. 6 கிலோ! பிறகு பிள்ளையை ஏறி நிற்கச் சொன்னார். 24 கிலோ.

தன் எடையில் கால் பங்கை அந்தக் குழந்தை முதுகில் சுமக்கிறாள். கணக்கு எளிதுதான். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் தினமும் காலையும் மாலையும் 15 கிலோ சுமப்பதற்கு அது சமம். அந்த ஆளாவது வளர்ந்தவர். இவளுக்கு எலும்பே இன்னும் முற்றவில்லை.

பைக்குள்ளே என்ன இருந்தது?

பையை அவிழ்த்துப் பார்த்தோம். அன்றைய பாட அட்டவணையில் நான்கு பாடங்கள். பைக்குள்ளே எல்லாப் பாடங்களும் இருந்தன. எழுதி முடித்துவிட்ட பழைய பயிற்சிப் புத்தகங்கள் இரண்டு. கடையில் வாங்கிய கனமான பயிற்சி நூல்கள் மூன்று. ஓர் அகராதி. ஈரக் காலணி ஒரு சோடி. குடை. வர்ணப் பென்சில் டப்பா. வாயைத் திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல்; அது ஒன்றே ஒரு கிலோ!

"ஏம்மா இத்தனையும் தூக்கிட்டுப் போறே?" என்று கேட்டோம்.

"எதையாச்சும் விட்டுட்டுப் போனா டீச்சர் ஏசுவாங்க" என்றாள் பிள்ளை.

தாய் சொன்னதுதான் நம் மனத்தைத் தைத்தது. "நான் என்னாத்தக் கண்டேன் ஐயா. பை கனமா இருந்தா புள்ள நெறைய படிக்குதுன்னு நெனச்சேன்."

அந்தத் தாயை நாம் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம்! வேண்டாத புத்தகங்களை எடுத்துவிட்டு, தண்ணீரைப் பாதியாக்கி, மறுபடி நிறுத்தோம். இரண்டரைக் கிலோ. படிப்பு ஓர் எழுத்தும் குறையவில்லை. சுமை மட்டும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

பெரியவர்கள் சுமைக்குச் சட்டம் உண்டு

கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929ஆம் ஆண்டில். பாரத் தோட்டம் 1933இல். அந்தக் காலம் தொட்டு நம் பாட்டன் பாட்டிமார் இந்த மலையை முதுகிலே சுமந்தவர்கள். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தது. கத்தரிக்குப் பிறகு இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. இன்று மலையில் கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் பலர். ஆனாலும் அறுபது வயதைத் தாண்டிய நம் தாய்மார்களை எந்த லயத்து வாசலில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "குறுக்கு வலி" என்பார்கள். இடுப்பில் கை வைத்தபடிதான் எழுந்திருப்பார்கள். அந்த வலியின் வரலாற்றை யாரும் புத்தகமாக எழுதவில்லை. அவர்கள் நடையிலே எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் கொடுமை உலகத்துக்கே தெரிந்ததால்தான் 1967இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், ஒரு தொழிலாளி தூக்கும் பாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றியது. உடல் நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடிய பாரத்தை எவரையும் தூக்கச் சொல்லக் கூடாது என்றது. வளர்ந்த ஆண் மகனுக்கே 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று அதனுடன் வந்த பரிந்துரை சொல்லிற்று. பெண்களுக்கும் இளவயதினருக்கும் அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோ வந்தது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்க வழி பிறந்தது. 1994இல் வேலையிடப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும் வந்தது.

ஆக, அப்பனின் முதுகுக்குச் சட்டம் இருக்கிறது. ஆத்தாளின் முதுகுக்குச் சட்டம் இருக்கிறது. கேட்கத் தொழிற்சங்கம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் முதுகுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குச் சங்கம் கிடையாது. சந்தா கட்டவும் தெரியாது. அதன் சங்கம் நாம்தான்.

முதுகெலும்பு என்ன சொல்கிறது?

முதுகெலும்பு ஒரே கம்பு இல்லை. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று மணி கோத்தது போல் அடுக்கியவை. அதற்குக் கீழே இடுப்புக் கூட்டோடு சேர்ந்த எலும்புகள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. நாம் குதித்தாலும் ஓடினாலும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்த மெத்தைதான். அடுக்கின் உள்ளே போகிறது நரம்புத் தண்டு. மூளை சொல்வதைக் கைகால்களுக்குக் கொண்டுபோகும் தந்திக் கம்பி அது.

2010இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பையை மாட்டி, நிற்க வைத்தே உடலுக்குள் படம் எடுத்தார்கள். 4 கிலோ, 8 கிலோ, 12 கிலோ என்று எடையைக் கூட்டினார்கள். எடை கூடக் கூட அந்த மெத்தைகள் நசுங்கின. பிள்ளைகள் சொன்ன வலியும் கூடிக்கொண்டே போனது. சில பிள்ளைகளை வைத்து மட்டும் செய்த சிறு சோதனைதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாததை அது காட்டிக் கொடுத்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "பை தூக்கினால் கூன் விழும், முதுகு நிரந்தரமாகக் கோணிப்போகும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. பை ஒன்றினால்தான் பிள்ளைகளுக்கு நாள்பட்ட முதுகுவலி வருகிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றே 2018இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். பொய்யைச் சொல்லிப் பயமுறுத்தி நல்ல காரியம் செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆனால், கூன் விழாது என்பதற்காகப் பிள்ளை வலியோடு நடக்கலாமா? தோளில் வார் அழுத்திய சிவப்புத் தழும்பைப் பார்த்திருக்கிறீர்களா? பாரம் பின்னே இழுக்கும்போது பிள்ளை முன்னே குனிகிறது. ஒற்றைத் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாய்கிறது. மழையில் வழுக்கும் மலைப் படியில் அப்படிச் சாய்ந்து இறங்கும் பிள்ளை கீழே விழுந்தால்? நம் தோட்டங்களில் லயத்திலிருந்து சாலைக்கு வரும் பாதை பட்டணத்து நடைபாதை மாதிரி இல்லையே! பிள்ளை "வலிக்குது" என்றால் வலிக்கிறது என்றுதான் பொருள். அதற்கு வேறு சான்று எதற்கு?

பையின் எடை பிள்ளையின் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது பல நாட்டு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ.

கேட்டவர்கள் உண்டு, கிடைத்ததும் உண்டு

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? பெரிய இடத்தில் போய்ப் பேசவா முடியும்?" என்று சிலர் கேட்கலாம். பேசியிருக்கிறார்கள்.

எழுத்தாளர் ஆர்.கே. நாராயணன் சென்னையில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கதை எழுதி உலகப் புகழ் பெற்றவர். அவரை இந்திய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு நியமன உறுப்பினர் ஆக்கினார்கள். 1989இல் அவர் தம் கன்னிப் பேச்சைப் பேசினார். இலக்கியம் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தவர்களிடம் அவர் பேசியது பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி! சுமை தூக்கித் தூக்கிப் பிள்ளைகள் குனிந்தே நடக்கப் பழகிவிட்டார்கள் என்று சொன்னார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு 1992இல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1993இல் அறிக்கை வந்தது. அந்தக் குழு ஒரு படி மேலே போய்ச் சொன்ன கருத்து நாம் எல்லாரும் யோசிக்க வேண்டியது. பையின் கனத்தைவிடப் பெரிய கனம், புரியாமல் படிக்கும் கனம் என்றது அந்த அறிக்கை. எடை போட முடிகிற சுமையையும், எடை போட முடியாத சுமையையும் சேர்த்தே பிள்ளை தூக்குகிறது.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்தார்கள். பாட நூலையும் மூன்றாக வெட்டினார்கள். ஒரு பருவம் முடிந்தால் அந்த நூலுக்கு வேலை முடிந்தது. வருடம் முழுவதற்குமான புத்தகத்தைத் தினமும் சுமக்கத் தேவையில்லை. எவ்வளவு எளிய யோசனை!

2016இல் மராட்டிய மாநிலத்துச் சந்திரபூரில் நடந்ததைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் இரண்டு பையன்கள் பத்திரிகை நிருபர்களை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். "எங்கள் பை இவ்வளவு கனம், இத்தனை புத்தகம், மூன்றாவது மாடி வரை தூக்கிப் போக வேண்டியிருக்கிறது" என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னார்கள். பெரியவர்கள் கேட்காததைப் பிள்ளைகளே கேட்டுவிட்டார்கள்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் இந்திய மத்திய அரசு வகுப்புவாரியாக எடை வரம்பு சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரைக் கிலோ. மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 2 முதல் 3 கிலோ. பத்தாம் வகுப்புக்கே 5 கிலோதான். திரிங்காப்பில் நாம் பார்த்த மூன்றாம் ஆண்டுச் சிறுமி தூக்கியது 6 கிலோ!

நம் நாட்டிலும் பேச்சு எழாமல் இல்லை. பெற்றோர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு 2022இல் கல்வி அமைச்சு பையின் சுமையைக் குறைக்கச் சில நடவடிக்கைகளை அறிவித்தது. பாட அட்டவணையைச் சீர்செய்வதும், ஆரம்பப் பள்ளியின் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே புத்தகம் வைக்க லாக்கர் தருவதும் அவற்றில் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பு பட்டணத்தில் பிறக்கிறது. மலைக்கு ஏறி வரக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் லாக்கர் வந்ததா, சாவி பிள்ளையிடம் இருக்கிறதா, அதில் புத்தகம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

"நாங்க தூக்காத சுமையா?"

இதை நாம் சொன்னபோது கொட்டகையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "நாங்க சின்ன வயசுல வெறகு தூக்கினோம், தண்ணி தூக்கினோம், தம்பி தங்கச்சிய இடுப்புல தூக்கினோம். செத்தா போயிட்டோம்?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவர் எழுந்தபோது ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்து, "அம்மாடி" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அதையும் சேர்த்துத்தான் நாம் பார்த்தோம்.

பெரியவரே, நீங்கள் தூக்கினீர்கள். தூக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யாரும் இல்லை. உங்கள் பேத்திக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு. "வாத்தியாரிடம் போய்க் கேட்டால் பிள்ளை மேல் கோபம் வந்துவிடும்." இந்த அச்சம் நம்மிடம் பழையது. மண்டோரிடம் கேட்க அஞ்சினோம், கிராணியிடம் கேட்க அஞ்சினோம், துரையிடம் கேட்க அஞ்சினோம். கேட்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிறுவை முள் நேராக நின்றது. ஆசிரியர்கள் நம் எதிரிகள் இல்லை. நாற்பது புத்தகக் கட்டைத் தாங்களே வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் அவர்கள். "நாளைக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று கரும்பலகை மூலையில் எழுதிப் போடுங்கள்" என்று பணிவோடு கேட்டால் மறுக்கிற ஆசிரியர் குறைவு.

பாட நூல் விஷயத்திலும் ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் பாட நூல் இரவல் திட்டம் 1975இல் தொடங்கியது. 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நூல்கள் கிடைக்கின்றன. ஆகவே பாட நூல் நம் பணப் பையைக் கனக்க வைப்பதில்லை. முதுகைக் கனக்க வைப்பவை கூடுதலாக வாங்கச் சொல்லும் பயிற்சி நூல்கள். ஒரு பாடத்துக்கு எத்தனை, அவற்றில் எத்தனை முழுவதும் எழுதி முடிக்கப்பட்டன என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பாதி எழுதி, பாதி வெள்ளையாகக் கிடக்கும் நூலுக்கு வெள்ளியும் நாம் கொடுத்தோம்; முதுகும் நம் பிள்ளை கொடுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் வீட்டில். இரவில் சாப்பாடு முடிந்ததும், ஐந்து நிமிடம் பிள்ளையோடு உட்காருங்கள். எழுத்துத் தெரியாத தாயாக இருந்தாலும் பரவாயில்லை. "நாளைக்கு என்ன பாடம், அதுக்கு எந்தப் புத்தகம்?" என்று கேளுங்கள். மற்றவை வீட்டில் இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தலை அரையாக நிரப்புங்கள். பள்ளியில் குடிநீர் இருந்தால் அங்கே நிரப்பிக்கொள்ளட்டும்.

பை வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வெறும் பையே கனமாக இருக்கக் கூடாது. தோள்வார் இரண்டும் அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்க வேண்டும். பையின் அடி பிள்ளையின் இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. வாரை இழுத்து முதுகோடு ஒட்டி இருக்கும்படி செய்யுங்கள். கனமான புத்தகம் முதுகுப் பக்கம், இலேசானவை வெளிப்பக்கம். இரண்டு தோளிலும்தான் மாட்ட வேண்டும். சக்கரம் வைத்த பை பட்டணத்துச் சிமெண்டுத் தரைக்குச் சரி. நம் மலைப் படியில் அதையும் தூக்கத்தான் வேண்டும். சக்கரத்தின் கனமும் சேர்ந்துகொள்ளும்.

பை மட்டும் போதாது. குப்புறப் படுத்து எழுதுவதும், கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் கழுத்தை மடக்கி மணிக்கணக்கில் பார்ப்பதும் முதுகுக்கு ஆகாது. மேசை இல்லாவிட்டால் ஒரு பலகையைப் பெட்டிமேல் வைத்துக் கொடுங்கள். அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மாலையில் விளையாட விடுங்கள். ஓடி ஆடும் பிள்ளைக்கு முதுகுத் தசை வலுக்கும்.

விடுமுறையில் காய்கறிப் பெட்டி தூக்கப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் சிலர் உண்டு. வறுமை அறிந்தவர்கள்தான் நாம், ஆனாலும் சொல்கிறோம். 1966ஆம் ஆண்டுச் சிறுவர் வேலைச் சட்டம், குடும்பத் தொழிலில்கூடப் பிள்ளையின் சக்திக்கு ஏற்ற இலேசான வேலையைத்தான் அனுமதிக்கிறது. கோசுப் பெட்டி இலேசான வேலை ஆகாது.

அடுத்தது, பிள்ளையின் முதுகைப் பார்ப்பது. பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள், கிடுகிடுவென்று வளரும் காலத்தில், சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். கடுமையாக வளைவது பெண் பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலும் காரணம் தெரியாது. பையும் காரணமில்லை, பெற்றோர் பாவமும் காரணமில்லை. பிள்ளையைக் காலைச் சேர்த்து நிற்க வைத்து, இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிக்கொண்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பெண் பிள்ளையைத் தாயே பார்க்கட்டும். பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக இருந்தால், நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்திருந்தால், அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வளரும் வயதிலேயே கண்டுபிடித்தால், கவசம் போன்ற பட்டை அணிவித்துப் பல பிள்ளைகளுக்கு மேலும் வளையாமல் தடுக்க முடிகிறது. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுகிறவரிடம் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலி, அதோடு காய்ச்சல், உடல் மெலிதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடங்காமை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பிலும் தங்கும். மருந்து உண்டு. தாமதம்தான் ஆபத்து.

மூன்றாவது, ஊர் கூடிச் செய்வது. பள்ளியில் லாக்கர் வரும்வரை வகுப்பின் மூலையில் ஓர் அலமாரி போதும். பலகையும் ஆணியும் தச்சு தெரிந்த கையும் நம் தோட்டத்தில் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. பழைய பாட நூல்கள் மீதியிருந்தால் ஒரு கட்டு வகுப்பிலேயே வைக்கலாமா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். வேன் லயத்தின் பக்கம் வரை வரட்டும், பிள்ளைகள் மழையில் நனையாமல் நிற்க ஒரு கொட்டகை வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். நனைந்த பை காய்ந்த பையைவிடக் கனம்.

கடைசியாக ஒன்று. மாதத்தில் ஒரு நாள், கொழுந்து நிறுத்து முடிந்ததும், அதே நிறுவையில் பிள்ளைகளின் பைகளை நிறுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் எடை, பையின் எடை என்று இரண்டு கோடு போட்டு எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். "பை கனமாக இருக்கிறது" என்று சொன்னால், "எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான்" என்பார்கள். "24 கிலோ பிள்ளை, 6 கிலோ பை" என்று எழுதிக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணைப் பார்த்தால் நிர்வாகம் பேசும் என்பது கூலிக்காக நிறுவை முன் நின்ற நமக்குத் தெரியாததா?

கூடை வேண்டாம் என்றுதானே அனுப்பினோம்?

புறப்படும்போது அந்தத் தாய் நம்மோடு சாலை வரை வந்தார். இலேசான பையை மாட்டிக்கொண்டு சிறுமி முன்னே போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை உண்மையாகவே ஓடினாள்.

தாய் மெல்லச் சொன்னார்: "நம்ம கஷ்டம் நம்மளோட போகட்டும், இது கூடை தூக்கக் கூடாதுன்னுதான் ஐயா பள்ளிக்கோடத்துக்கு அனுப்புறேன்."

தோழர்களே, திரிங்காப்பில் மட்டுமா அந்தத் தாய் இருக்கிறார்? ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் அதே ஆசைதான். நம் முதுகு வளைந்ததே பிள்ளையின் முதுகு நிமிர்வதற்காக. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, அதே பாரத்தைப் பை என்று பெயர் மாற்றிப் பிள்ளையின் தோளில் ஏற்றலாமா?

இன்றிரவே பையைத் திறந்து பாருங்கள். நாளைக்கு வேண்டாததை வெளியே எடுங்கள். பிள்ளை நிமிர்ந்து நடக்கட்டும்.